மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சிறு ஆர்என்ஏக்கள்: தேடுவதிலிருந்து நிரூபிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து அதன் ஆர்என்ஏவை சீக்வென்சிங் செய்தால் சிறு ஆர்என்ஏக்கள் கிடைக்கும். கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கிடைத்தது உள்ளேயே இருந்ததா, வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு வந்ததா? உள்ளே இருந்தது என்றால், அது வேலை செய்யும் மூலக்கூறா, வெட்டிப் போட்ட மிச்சமா? வேலை செய்கிறது என்றால், அந்த வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கிறதா, சைட்டோபிளாசத்தில் நடந்து அதன் விளைவு மட்டும் இங்கே தெரிகிறதா?

இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் எதிர்கொள்வதற்கான வழிகாட்டி இது. ஆய்வகத்தில் புதிதாக இறங்குபவருக்கும் பயன்படும், வெளியான ஆய்வுக்கட்டுரைகளை எடைபோட வேண்டியவருக்கும் பயன்படும். மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மரபணுத் தொகுதியை மனதில் பதிய வையுங்கள்

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ வட்ட வடிவமானது, நீளம் 16,569 கார இணைகள். முழு வரிசை 1981-இல் வெளியானது. 1999-இல் திருத்தப்பட்ட வடிவம்தான் இன்றும் அடிப்படை வரிசை. மொத்தம் 37 மரபணுக்கள்: 13 புரதங்களுக்கு, 22 கடத்து ஆர்என்ஏக்களுக்கு, 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கு. இரண்டு இழைகளில் ஒன்று கன இழை, மற்றது இலகு இழை. இரண்டுமே கிட்டத்தட்ட முழு நீளத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன.

இந்தக் கடைசி வரி முக்கியம். உட்கருவில் இருப்பதுபோல ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித் தொடக்கம், தனி முடிவு என்று இங்கே கிடையாது. பல மரபணுக்களைத் தாங்கிய ஒரே நீண்ட ஆர்என்ஏ உருவாகி, பிறகு துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. எங்கே வெட்டுவது என்பதற்குக் கடத்து ஆர்என்ஏக்களே அடையாளம். பெரும்பாலான மரபணுக்களுக்கு நடுவில் ஒரு கடத்து ஆர்என்ஏ உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு முனைகளிலும் வெட்டினால் பக்கத்திலிருக்கும் தூது ஆர்என்ஏக்கள் தாமாக விடுபடும். 1981-இல் அத்தார்டியின் குழு முன்வைத்த இந்த விளக்கம் பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. 5′ முனையை வெட்டுவது மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏஸ்-பி. மனிதரில் அது மூன்று புரதங்களால் மட்டுமே ஆனது, அதற்குள் ஆர்என்ஏ எதுவும் இல்லை என்று 2008-இல் தெரியவந்தது. 3′ முனையை வெட்டுவது ஈலாக்2. தேவையில்லாததை அழிப்பது சுவ்3 என்ற ஹெலிகேஸும் பிஎன்பேஸ் என்ற நொதியும் சேர்ந்த கூட்டு.

இதிலிருந்து உடனே ஒரு விஷயம் புரியும். இலகு இழையிலிருந்து வரும் நீண்ட ஆர்என்ஏவில் என்டி6 என்ற ஒரே ஒரு புரதத்துக்கும் எட்டுக் கடத்து ஆர்என்ஏக்களுக்கும்தான் தகவல் இருக்கிறது. மீதியெல்லாம் அழிக்கப்பட வேண்டியவை. எந்த நேரத்தில் செல்லை உடைத்தாலும் பாதி அழிந்த துண்டுகள் உள்ளே கிடக்கத்தான் செய்யும். 2011-இல் மனித மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏக்களை முழுமையாகப் பட்டியலிட்ட ஆய்வும் ஏராளமான சிறு ஆர்என்ஏக்களைக் காட்டியது. அவற்றை ‘புதிய ஒழுங்குபடுத்தி’ என்று அழைக்க அவசரப்பட வேண்டாம்.

படி 2: எந்த வகையைத் தேடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘மைட்டோகாண்ட்ரியாவின் சிறு ஆர்என்ஏ’ என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. அவற்றின் நிரூபண நிலையும் சமமில்லை.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியின் வழிகாட்டி ஆர்என்ஏக்கள் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் இந்த ஒருசெல் உயிரியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சில டஜன் பெரிய வட்டங்களும் ஆயிரக்கணக்கான சிறு வட்டங்களும் கோத்துக்கொண்ட வலை. பெரிய வட்டங்களில் உள்ள மரபணுக்களில் பல, அப்படியே படித்தால் அர்த்தமே தராது. 1986-இல் பென்னேயின் குழு ஒன்றைக் கவனித்தது: டிஎன்ஏவில் இல்லாத நான்கு யூரிடின்கள் தூது ஆர்என்ஏவில் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன? 1990-இல் சிம்ப்சனின் ஆய்வகம் விடை சொன்னது. சுமார் 50, 60 நியூக்ளியோடைடு நீளமுள்ள குட்டி ஆர்என்ஏக்கள், பெரும்பாலும் சிறு வட்டங்களிலிருந்து உருவாகி, தூது ஆர்என்ஏவோடு ஒரு முனையில் இணைந்துகொள்கின்றன. இணையாமல் துருத்தும் இடத்தில் எத்தனை யூரிடின் சேர்க்க வேண்டும், எத்தனை எடுக்க வேண்டும் என்று வழிகாட்டுகின்றன. நொதிகளின் தொகுப்பு ஒன்று அங்கே வெட்டி, சேர்த்தோ எடுத்தோ, மறுபடி ஒட்டுகிறது. ஒரு வழிகாட்டியின் வேலை முடிந்த இடத்தில்தான் அடுத்தது பிடிக்கக் கால் கிடைக்கிறது. இப்படி 3′ பக்கத்திலிருந்து 5′ பக்கமாக வேலை நகர்கிறது. சைட்டோக்ரோம் ஆக்சிடேஸின் மூன்றாம் துணையலகுக்கான தூது ஆர்என்ஏவில் மட்டும் 547 யூரிடின்கள் சேர்க்கப்படுகின்றன, 41 நீக்கப்படுகின்றன. முழுமையான ஆர்என்ஏவில் பாதிக்கு மேல் டிஎன்ஏவில் எழுதப்படாதது! மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சிறு ஆர்என்ஏ மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியுமா என்று யாராவது கேட்டால், இதைவிட நல்ல பதில் இல்லை.

இரண்டாவது, பாலூட்டிகளின் 7எஸ் ஆர்என்ஏ. இலகு இழையின் தொடக்கப் பகுதியிலிருந்து புறப்பட்டு, கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும் ஆர்என்ஏ இது. நீளம் ஏறக்குறைய 200 நியூக்ளியோடைடு, பாலி-ஏ வால் உண்டு. இதற்குப் படி 7-இல் திரும்ப வருவோம். பெயரில் மட்டும் கவனம் தேவை: கட்டுப்பாட்டுப் பகுதியில் மூன்றாம் இழையாகக் கிடக்கும் 7எஸ் டிஎன்ஏ வேறு, உட்கருவிலிருந்து வரும் 7எஸ்எல், 7எஸ்கே ஆர்என்ஏக்கள் வேறு.

மூன்றாவது, மைட்டோகாண்ட்ரியாவின் கடத்து ஆர்என்ஏ, ரைபோசோம் ஆர்என்ஏ ஆகியவற்றிலிருந்து வரும் துண்டுகள். இருப்பது உண்மை, பெரும்பாலானவற்றுக்கு வேலை என்ன என்பது இன்னும் திறந்த கேள்வி.

நான்காவதுதான் அதிகம் பேசப்படுவது: உட்கருவில் உருவாகி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதாகச் சொல்லப்படும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் (வழக்கமாகத் தூது ஆர்என்ஏவோடு இணைந்து புரத உற்பத்தியை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்கள்). ‘மைட்டோமிர்’ என்று பெயரும் வைத்தாயிற்று. 2009 முதல் எலியின் கல்லீரல், மனிதத் தசை, ஹீலா செல் என்று பல இடங்களிலிருந்து பட்டியல்கள் வந்துவிட்டன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவாக இருப்பவை குறைவு. திசுவுக்குத் திசு மாறலாம்தான். ஆனால் பிரித்தெடுத்த மாதிரியின் தூய்மை மாறினாலும் பட்டியல் மாறும். அதனால்தான் அடுத்த படியில் நீண்ட நேரம் நிற்கப்போகிறோம்.

படி 3: பிரித்தெடுத்தல் – இங்கே தவறினால் மற்றதெல்லாம் வீண்

அடிப்படை முறை எல்லோருக்கும் தெரிந்ததே. சர்க்கரை அல்லது மானிடால் சேர்த்த சம அடர்வு பஃபரில், 4 டிகிரி குளிரில், செல்லை மெதுவாக உடைக்க வேண்டும். 600 முதல் 1,000 ஜி வேகத்தில் சுற்றினால் உட்கருவும் உடையாத செல்களும் அடியில் படியும். மேலே உள்ளதை எடுத்து 7,000 முதல் 10,000 ஜி-யில் சுற்றினால் மைட்டோகாண்ட்ரியா படியும். வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அடையாளம் காணும் சோதனை) செய்ய, நொதிச் செயல்பாடு அளக்க இது போதும். ஆர்என்ஏவுக்குப் போதாது.

ஏன் போதாது? மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. எண்டோபிளாச வலை அதோடு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. சைட்டோபிளாச ரைபோசோம்கள் அதன்மேல் அமர்ந்து புரதம் தயாரிக்கின்றன. ஆர்கோனாட்2 புரதமும் அதில் ஏறிய மைக்ரோ ஆர்என்ஏவும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சைட்டோபிளாசத்தில் மைக்ரோ ஆர்என்ஏ மிக அதிகம்; அதில் நூறில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் சீக்வென்சரில் பளிச்சென்று தெரியும்.

ஆகவே அடர்த்திப் படிநிலையில் (பெர்கால் வழக்கம்) ஒருமுறையோ, வெளிச்சவ்வின் டாம்22 புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளாலோ இன்னும் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் டிஜிடோனின். இது கொலஸ்டிரால் மிகுந்த வெளிச்சவ்வைக் கரைத்துவிட்டு உட்சவ்வை விட்டுவைக்கும். மிஞ்சுவது மைட்டோபிளாஸ்ட்: உட்சவ்வும் அதற்குள் இருக்கும் மேட்ரிக்ஸும். டிஜிடோனினின் அளவை ஒவ்வொரு செல் வகைக்கும் தனியாக நிர்ணயிக்க வேண்டும். வேறொருவரின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் வெளிச்சவ்வு பாதி நிற்கும், அல்லது உட்சவ்வும் கிழியும்.

அடுத்து ஆர்என்ஏஸ், அதாவது ஆர்என்ஏவை வெட்டி அழிக்கும் நொதி. வெளியே இருப்பதைத் தின்றுவிட்டு, சவ்வுக்குள் இருப்பதைத் தொடாமல் விடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஆர்கோனாட்டுக்குள் செருகியிருக்கும் மைக்ரோ ஆர்என்ஏவை ஆர்என்ஏஸ் எளிதில் தொடாது. புரதமே அதற்குக் கவசம். அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருந்துகொண்டே அது பிழைத்துவிடும், நீங்கள் அதை ‘உள்ளே இருந்தது’ என்று எழுதிவிடுவீர்கள்.

இதைப் பிடிக்கும் வழி எளிது. மாதிரியை நான்காகப் பிரியுங்கள். ஒன்று எதுவும் சேர்க்காதது. இன்னொன்றில் ஆர்என்ஏஸ் மட்டும். மூன்றாவதில் புரதக் கவசத்தை அகற்ற முதலில் புரோட்டீனேஸ்-கே என்ற புரதம் அழிக்கும் நொதி, அதன் வேலையை நிறுத்திவிட்டு ஆர்என்ஏஸ். நான்காவதில் டிரைட்டான் சேர்த்து எல்லாச் சவ்வையும் உடைத்துவிட்டு ஆர்என்ஏஸ். நான்காவது குழாயில் உங்கள் மைக்ரோ ஆர்என்ஏ மறைய வேண்டும். மறையவில்லை என்றால் ஆர்என்ஏஸால் அதை அழிக்கவே முடியவில்லை என்று பொருள்; இரண்டாவது குழாயின் முடிவு எதையும் சொல்லாது. இந்த நான்காவது குழாயைக் காட்டாத கட்டுரையின் இருப்பிடக் கூற்றை நான் நம்புவதில்லை.

எந்த ஆர்என்ஏஸ் என்பதும் யோசிக்க வேண்டியது. ஆர்என்ஏஸ்-ஏ மலிவானது, வலுவானது, ஆனால் பிறகு அதை முழுதாக ஒழிப்பது கடினம். ஆர்என்ஏ பிரிக்கும்போது கொஞ்சம் மிஞ்சினாலும் உள்ளே இருந்ததையும் தின்றுவிடும். மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸுக்குக் கால்சியம் வேண்டும், ஈஜிடிஏ சேர்த்தால் நின்றுவிடும், அது வசதி. ஆனால் கால்சியம் அதிகமானால் மைட்டோகாண்ட்ரியா வீங்கிச் சவ்வு பிளக்கும். குறைந்த அளவு, குறைந்த நேரம்.

தூய்மையைச் சரிபார்க்க இரண்டு தளத்திலும் அடையாளங்கள் தேவை. புரதத்தில்: வெளிச்சவ்வுக்கு டாம்20, சவ்விடை வெளிக்கு சைட்டோக்ரோம்-சி, மேட்ரிக்ஸுக்கு சிட்ரேட் சிந்தேஸ், எண்டோபிளாச வலைக்குக் கால்னெக்சின், உட்கருவுக்கு லாமின். ஆர்என்ஏவில்: மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உள்ள 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ, யு6, 7எஸ்எல் ஆகியவை ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வர வேண்டும், மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த ரைபோசோம் ஆர்என்ஏக்களான 12எஸ், 16எஸ் நிலையாக இருக்க வேண்டும். புரதப் பிளாட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஆர்என்ஏவும் சுத்தம் என்று முடிவுக்கு வர வேண்டாம். பிளாட்டில் கண்ணுக்குத் தெரியாத கலப்படம் சீக்வென்சருக்கு நன்றாகவே தெரியும்.

படி 4: ஆர்என்ஏ பிரிப்பும் லைப்ரரி தயாரிப்பும்

பிரிப்பில் ஒரு எச்சரிக்கை போதும். மைட்டோபிளாஸ்டிலிருந்து கிடைக்கும் ஆர்என்ஏ குறைவு. குறைந்த மாதிரியிலிருந்து டிரைசால் முறையில் எடுக்கும்போது, ஜி-யும் சி-யும் குறைவாக உள்ள சிறு ஆர்என்ஏக்கள் மற்றவற்றைவிட அதிகமாக இழக்கப்படும் என்று 2012-இல் காட்டினார்கள். ஒப்பிடும் எல்லா மாதிரிகளிலும் தொடக்க அளவு ஒன்றாக இருக்கட்டும். கிளைகோஜன் போன்ற துணைப்பொருளும் சேருங்கள்.

லைப்ரரிதான் (சீக்வென்சிங்குக்காக இரு முனையிலும் அடாப்டர் என்ற செயற்கை வரிசை ஒட்டிய துண்டுகளின் தொகுப்பு) தந்திரமானது. வழக்கமான சிறு ஆர்என்ஏ கிட், 5′ முனையில் பாஸ்பேட்டும் 3′ முனையில் ஹைட்ராக்சிலும் உள்ளவற்றோடு மட்டுமே அடாப்டரை ஒட்டும். மைக்ரோ ஆர்என்ஏவுக்கு அந்த முனைகள்தான், பிரச்சினை இல்லை. கடத்து ஆர்என்ஏவின் துண்டுகள் பலவற்றுக்கு முனைகள் வேறு மாதிரி; அவை கிட்டுக்குப் புலப்படாது. டி4 பிஎன்கே நொதியால் முனைகளைச் சரிசெய்தால் அவையும் வந்துவிடும்.

ஆனால் படி 3-இல் நீங்கள் ஆர்என்ஏஸ்-ஏ பயன்படுத்தியிருந்தால்? அது வெட்டிய குப்பைகளின் முனைகளும் இதே மாதிரிதான் இருக்கும். பிஎன்கே அந்தக் குப்பைக்கும் அனுமதிச்சீட்டு கொடுத்துவிடும். அதனால் இரண்டு லைப்ரரி செய்யுங்கள், பிஎன்கே இல்லாமல் ஒன்று, சேர்த்து ஒன்று. ஆர்என்ஏஸ் சேர்க்காத மாதிரியையும் அதே இரண்டு வழியில் ஓட்டினால் எது எங்கிருந்து வந்தது என்று தெளிவாகும்.

கடத்து ஆர்என்ஏக்களில் வேதி மாற்றங்கள் அதிகம். எதிர்ப் படியெடுப்பு நொதி அங்கே தடுக்கி நின்றுவிடும், அல்லது தவறான எழுத்தைப் போட்டுவிட்டுப் போகும். ஆல்க்பி போன்ற மெத்தில் நீக்கி நொதியை முன்கூட்டியே சேர்த்தால் நிலைமை மேம்படும். அளவுத் தேர்வையும் மறந்துவிட வேண்டாம்: 15 முதல் 50 நியூக்ளியோடைடு வரை வெட்டியெடுத்த லைப்ரரியில் 7எஸ் ஆர்என்ஏ வரவே வராது. அதற்கு 50 முதல் 300 வரை தனியாக ஒன்று தேவை.

படி 5: தரவைப் படித்தல்

அடாப்டரை நீக்கிய பிறகு ரீடுகளை (சீக்வென்சர் படித்துத் தந்த துண்டு வரிசைகளை) எங்கே பொருத்துவது? மைட்டோகாண்ட்ரியா வரிசைக்கு மட்டும் பொருத்துவது பெரிய தவறு. உட்கரு டிஎன்ஏவிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பழைய பிரதிகள் நூற்றுக்கணக்கில் செருகிக் கிடக்கின்றன; ‘நும்ட்’ என்பார்கள். முதல் குரோமோசோமில் ஏறக்குறைய 5,800 இணை நீளத்துக்கு ஒன்று இருக்கிறது, இன்றைய மைட்டோகாண்ட்ரியா வரிசையோடு அது கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போகும். 20 எழுத்து ரீடு இரண்டிலும் சமமாகப் பொருந்துவது சாதாரணம். இரண்டையும் சேர்த்த முழு வரிசைக்குப் பொருத்தி, இரு இடத்திலும் பொருந்துபவற்றைத் தனிக் குறியோடு வைத்திருங்கள். தூக்கி எறியவும் வேண்டாம், இரட்டையாக எண்ணவும் வேண்டாம்.

வட்டத்தைக் கோடாக எழுதியதால் 16,569-க்கும் 1-க்கும் நடுவிலான எல்லையைத் தாண்டும் ரீடுகள் காணாமல் போகும். வரிசையை எதிர்ப்பக்கத்தில் வெட்டி இன்னொரு முறை பொருத்தினால் போதும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ரீடின் நிஜமான பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சில அடையாளங்கள் ரீடுக்குள்ளேயே இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் கடத்து ஆர்என்ஏக்கள் ஒவ்வொன்றும் 3′ முனையில் சி-சி-ஏ என்று முடிகின்றன. இந்த மூன்று எழுத்துகள் டிஎன்ஏவில் இல்லை. ஒரு நொதி பிறகு சேர்க்கிறது. எடுத்துக்காட்டாக, லியூசின் கடத்து ஆர்என்ஏக்களில் ஒன்றின் மரபணு 3,230-இலிருந்து 3,304 வரை. ஒரு ரீடு சரியாக 3,304-இல் நின்று, அதற்குப் பிறகு சி-சி-ஏ என்று நீண்டால், அது வெட்டி முடித்து முதிர்ந்த கடத்து ஆர்என்ஏவிலிருந்து வந்த துண்டு. முதிராத நீண்ட ஆர்என்ஏவின் மிச்சமாகவோ டிஎன்ஏ கலப்படமாகவோ இருக்க முடியாது. பொருத்தும் மென்பொருளைக் கறாராக அமைத்தால் இந்த ரீடுகளை ‘மூன்று பிழை’ என்று ஒதுக்கிவிடும்! சி-சி-ஏ சேர்த்த கடத்து ஆர்என்ஏ வரிசைகளைத் தனிக் கோப்பாக வைத்து முதலில் அதற்குப் பொருத்துங்கள்.

இதேபோல வேதி மாற்றங்கள் விட்டுச்செல்லும் தவறான எழுத்துகளும் உதவும். 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவில், மரபணுத் தொகுதியின் 2,617-ஆம் இடத்தில் டிஎன்ஏ ஏ என்று சொல்லும். ஆர்என்ஏ ரீடுகளில் பெரும்பகுதி டி என்றோ ஜி என்றோ காட்டும். அந்த அடினோசினில் ஒரு மெத்தில் ஏறியிருப்பதே காரணம். பல கடத்து ஆர்என்ஏக்களின் ஒன்பதாம் இடத்திலும் இதுவே. பிழை என்று வடிகட்டுவதற்கு முன் பாருங்கள்: டிஎன்ஏ கலப்படத்தில் இந்தக் கையெழுத்து இருக்காது.

கடைசியாக, ரீடுகளின் வடிவம். அழிவின் மிச்சம் என்றால் தொடக்கமும் முடிவும் சிதறிக் கிடக்கும். தனியாக வெட்டியெடுக்கப்பட்ட மூலக்கூறு என்றால் ஒரு முனையாவது கூர்மையாக, ஒவ்வொரு மாதிரியிலும் அதே இடத்தில் நிற்கும். எண்ணிக்கையைவிட இந்தக் கூர்மை எனக்கு அதிகம் சொல்கிறது.

படி 6: இருப்பை உறுதி செய்தல்

சீக்வென்சிங் சொன்னதை வேறு வழியில் காட்டுங்கள். நார்தர்ன் பிளாட் பழைய முறைதான், ஆனால் நீளத்தையும் அளவையும் ஒரே படத்தில் காட்ட இன்னும் அதுவே நம்பகமானது. ஒளிர்வுக் குறியிட்ட ஆய்வி கொண்டு செல்லுக்குள்ளேயே பார்ப்பது நல்லது, எனினும் மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்களவு சாதாரண நுண்ணோக்கியின் பகுதிறனிலிருந்து அதிகம் தள்ளியில்லை. ‘உள்ளே’யா ‘மேலே’யா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

செல்லை உடைக்காமலேயே இருப்பிடம் காண இன்னொரு வழி, ஏபெக்ஸ் நொதியை மேட்ரிக்ஸுக்குள் அனுப்பி, அதன் அருகில் இருக்கும் ஆர்என்ஏக்களில் மட்டும் பயோட்டின் குறியிட்டுப் பிரிப்பது. 2019-இல் வெளியான இந்த முறையில் படி 3-இன் கலப்படத் தொல்லை இல்லை. மிகச் சிறிய ஆர்என்ஏக்களில் குறி ஏறும் வாய்ப்புக் குறைவு என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவிலிருந்தே வரும் ஆர்என்ஏ என்றால் உங்களிடம் ஓர் அருமையான கட்டுப்பாடு இருக்கிறது: ரோ-பூஜ்ய செல்கள். எத்திடியம் புரோமைடில் நீண்ட நாள் வளர்த்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை முழுதாக இழக்கச் செய்த செல்கள் இவை. 1989 முதல் பயன்பாட்டில் உள்ளன. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தந்த ஆர்என்ஏ இவற்றில் அறவே மறைய வேண்டும். நும்டிலிருந்து வந்தது அப்படியே நிற்கும். படி 5-இல் தனிக் குறியோடு வைத்த ரீடுகளுக்கு இங்கே தீர்ப்புக் கிடைத்துவிடும்.

படி 7: வேலை என்ன என்று நிரூபித்தல்

நிரூபணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 7எஸ் ஆர்என்ஏ நல்ல மாதிரி. மனித மைட்டோகாண்ட்ரியாவில் படியெடுப்பைத் தொடங்க மூன்று புரதங்கள் போதும்: போல்ஆர்எம்டி என்ற பாலிமரேஸ், டிஃபாம், டிஎஃப்பி2எம். இவற்றைச் சுத்தம் செய்து சோதனைக்குழாயில் டிஎன்ஏவோடு சேர்த்தாலே ஆர்என்ஏ உருவாகும். 2022-இல் வெளியான ஆய்வில் அதோடு 7எஸ் ஆர்என்ஏவைச் சேர்த்தார்கள்; படியெடுப்பு குறைந்தது. ஏன் என்று குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, 7எஸ் ஆர்என்ஏ இரண்டு பாலிமரேஸ்களை ஜோடி சேர்ப்பது தெரிந்தது. தொடக்கப் பகுதியைக் கண்டுகொள்ளவும் டிஎன்ஏவைப் பிரிக்கவும் தேவையான பகுதிகள் அந்த ஜோடியின் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. செல்லுக்குள்ளும் 7எஸ் ஆர்என்ஏவின் அளவு மாறினால் படியெடுப்பு மாறுகிறது. படியெடுப்பு அதிகமானால் 7எஸ் அதிகமாகும், 7எஸ் அதிகமானால் படியெடுப்பு குறையும்: தன்னைத் தானே அடக்கும் சுற்று. தூய்மையான கூறுகளோடு சோதனை, கட்டமைப்பு, செல்லுக்குள் விளைவு, மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றன.

மைக்ரோ ஆர்என்ஏக்களின் நிலை இவ்வளவு தெளிவில்லை. இரண்டு ஆய்வுகளை அடிக்கடி கேட்பீர்கள். 2012-இல் எலி இதயத்தில், மிர்-181சி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவிலிருந்து வரும் காக்ஸ்1 தூது ஆர்என்ஏவோடு இணைந்து அந்தப் புரதத்தைக் குறைக்கிறது என்றார்கள். 2014-இல் தசை செல் முதிரும்போது மிர்-1 உள்ளே சென்று என்டி1, காக்ஸ்1 புரதங்களின் உற்பத்தியை அதிகரிக்கிறது என்று இன்னொரு குழு காட்டியது. கவனியுங்கள், ஒன்றில் குறைப்பு, இன்னொன்றில் பெருக்கம். சைட்டோபிளாசத்தில் மைக்ரோ ஆர்என்ஏவின் அடக்கும் வேலைக்கு ஆர்கோனாட்டோடு ஜிடபிள்யூ182 புரதமும் வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அது இல்லை என்பதே இந்த வேறுபாட்டுக்கு முன்வைக்கப்பட்ட விளக்கம். சுவையான யோசனை. ஆனால் ஆர்கோனாட்டும் மைக்ரோ ஆர்என்ஏவும் இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே போகும் வழி பற்றி ஒருமித்த கருத்து இன்னும் இல்லை. பிஎன்பேஸ் அந்த வேலைக்கு உதவுவதாக 2010 முதல் ஒரு வாதம் இருக்கிறது, எதிர்வாதமும் இருக்கிறது.

வெளியிலிருந்து ஆர்என்ஏ உள்ளே போகிறது என்ற வாதத்தை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்பதற்கு 5எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவின் கதையே போதும். அது சைட்டோபிளாசத்திலிருந்து உள்ளே கொண்டுவரப்பட்டு மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமில் சேர்கிறது என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. ரைபோசோமின் கட்டமைப்பு துல்லியமாகத் தெரியவந்தபோது, மனிதரில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது வேலின் என்ற அமினோ அமிலத்துக்கான, மைட்டோகாண்ட்ரியாவின் சொந்தக் கடத்து ஆர்என்ஏ.

சரி, உங்கள் கையில் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ இருக்கிறது, என்ன செய்வது? இலக்கைக் கணிக்க வழக்கமான மென்பொருள்களை நம்ப வேண்டாம். அவை தூது ஆர்என்ஏவின் 3′ குறியீடற்ற பகுதியில் தேடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் தூது ஆர்என்ஏக்களில் பெரும்பாலும் அப்படியொரு பகுதியே இல்லை. சிலவற்றில் நிறுத்தக் குறியே பாலி-ஏ வால் சேர்ந்த பிறகுதான் முழுமை பெறுகிறது. குறியீட்டுப் பகுதியில் கைப்படத் தேடி, ஆர்கோனாட்டோடு குறுக்கிணைத்துப் பிரித்த தரவால் உறுதி செய்யுங்கள்.

பிறகு மூலக்கூறுகளை எண்ணுங்கள். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியாவின் தூது ஆர்என்ஏக்கள் மிக மிக அதிகம். உள்ளே இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ செல்லுக்குச் சில பத்து மூலக்கூறுதான் என்றால், இணைந்து தடுப்பதன் மூலம் மட்டும் அது என்ன சாதித்துவிட முடியும்? பல கட்டுரைகளில் இந்தக் கணக்கே இருப்பதில்லை.

அடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியை நேரடியாக அளவிடுங்கள். எமெட்டின் சேர்த்துச் சைட்டோபிளாசத்தின் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டு, கந்தகம்-35 ஏறிய மெத்தியோனினைக் கொடுத்தால், ஜெல்லில் ஒளிர்வது மைட்டோகாண்ட்ரியா தயாரித்த 13 புரதங்கள் மட்டுமே. குளோராம்பெனிகால் சேர்த்த குழாயில் அவையும் மறைய வேண்டும். ஆக்சிஜன் நுகர்வு குறைந்தது என்பது மட்டும் ஆதாரமாகாது: மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல், 13 தவிர மற்றதெல்லாம் உட்கருவின் மரபணுக்களிலிருந்து வருபவை. சைட்டோபிளாசத்தில் இருந்துகொண்டே அவற்றில் ஒன்றைக் குறைத்தாலும் சுவாசம் குறையும். மைக்ரோ ஆர்என்ஏவைத் தடுக்கும் எதிர்வரிசை மருந்துகளும் செல் முழுக்கப் பரவுபவை. அவற்றால் ‘உள்ளே நடந்தது’ என்று பிரித்துக் காட்ட முடியாது. தனியே பிரித்த, உயிர்ப்புள்ள மைட்டோகாண்ட்ரியாவில் அதே விளைவைக் காட்டுவது ஒரு வழி.

இலக்கு இடத்தையே மாற்றிப் பார்ப்பதுதான் இறுதிச் சோதனை. டிஎன்ஏவைத் திருத்தும் வழக்கமான கருவியான கிறிஸ்பர் இங்கே உதவாது. அதற்கென்றே வடிவமைக்கும் வழிகாட்டி ஆர்என்ஏவை (படி 2-இல் சொன்னது வேறு) உள்ளே அனுப்புவதே அதன் தடை. 2020-இல் வந்த டிடிசிபிஇ, பாக்டீரியா நச்சு ஒன்றிலிருந்து உருவாக்கிய, ஆர்என்ஏ தேவைப்படாத கருவி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் சி-யை டி-யாக மாற்றும். 2022-இல் ஏ-யை ஜி-யாக மாற்றும் டேலெட் வந்தது. மைக்ரோ ஆர்என்ஏ இணையும் இடத்தில், புரதத்தின் எழுத்து மாறாதபடி ஒரு மாற்றம் செய்தால் போதும். அதற்குப் பிறகும் மைக்ரோ ஆர்என்ஏவின் விளைவு அப்படியே தொடர்ந்தால், அது அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை டிஎன்ஏ பிரதிகள் இருப்பதால், எத்தனை சதவீதப் பிரதிகள் மாறின என்பதைக் கட்டாயம் அளந்து சொல்லுங்கள். பாதி மாறிய செல்லில் விளைவு மாறவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.